உப்பு பார்க்காத சமையல்காரனின் பூசணி சூப்

அன்புள்ள குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஜொகூரிலிருந்து போன் செய்து, வரப்போகிற மருமகள் ஜெசிந்தா கேட்கச் சொன்னாள் என்று அம்மாவிடம் அந்த சூப் செய்முறையைக் கேட்டாய். உன் அம்மா உடனே போனை என் பக்கம் நீட்டினாள். "இவரக் கேளு. செஞ்சது இவருதான்" என்று உன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகவே சொன்னாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சமையல் விஷயமாக வந்த போன் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தபடி நின்றேன். லைன் போய்விட்டதா என்று நீ இரண்டு மூன்று தரம் கேட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அன்று காலையில் வீட்டில் ஒரு விஷயம் நடந்திருந்தது. அதைப் பற்றி வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, அப்புறம் எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். இதோ எழுதுகிறேன். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்திமதி எழுதுவது உலக வழக்கம். புத்திமதியும் நடுநடுவே வரும். ஆனால் நான் முக்கியமாக உட்கார்ந்திருப்பது பெருமையடித்துக்கொள்ளத்தான். ஜெசிந்தாவும் படிக்கட்டும், அவள் வீட்டாரும் படிக்கட்டும், வேண்டுமானால் கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடு. எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

உன் அப்பன் எப்படிப்பட்ட சமையல்காரன் என்பது உனக்குத் தெரியும், ஜெசிந்தாவுக்குத் தெரியாது. அவளுக்காகச் சொல்கிறேன். சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தது என் பிழைப்பு. ஆனால் சுவா ஊருக்குப் பக்கத்தில் நம் எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் அன்னதானச் சமையலுக்கு நான்தான் தலை. விறகு அடுப்பில் அண்டாவை ஏற்றி, துடுப்பு மாதிரி கரண்டியால் சாம்பாரைக் கிண்டினால் போர்டிக்சன் வரைக்கும் போய்க் குடியேறிவிட்ட பழைய தோட்டத்து ஆட்களெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். என் அன்னாசி ரசத்துக்கு மட்டும் தனியாகத் தூக்குச்சட்டி கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதே மனிதன் வீட்டில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கூடக் கலக்கியதில்லை. கோயிலில் ஊருக்கே சமைப்பவனுக்கு வீட்டு அடுப்பு தீப்பெட்டி சைஸில் தெரியும். உன் அம்மாவும் அந்த அடுப்பின் பக்கம் என்னை விட்டதில்லை. நான் நுழைந்தால் கழுவ வேண்டிய பாத்திரம் மூன்று மடங்காகும் என்பது அவள் கணக்கு. அது சரிதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இந்தக் கடிதமே அதில்தான் தொங்குகிறது. நம் கோயிலில் படையல் போடுகிறவரைக்கும் சமைக்கிறவன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, கொதி வருகிற விதத்தையும் ஆவியின் வாசத்தையும் பார்த்துத்தான் உப்பையும் புளியையும் சரிசெய்ய வேண்டும். அம்மனுக்கு முன்னால் நாம் ருசி பார்ப்பது எச்சில். நான் இளவட்டமாக அங்கே சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் சமைத்தேன். உப்பு அதிகம், உப்பு குறைவு என்று ஒருவரும் ஒரு வருஷமும் சொன்னதில்லை. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். நான் அதைச் சொல்லிக் காட்டாத தீபாவளி இல்லை.

அம்மாவுக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் என்று சொல்லி, கோலாலம்பூரில் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது நீ கூட இருந்தாய். மறுநாளே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அது உன் குற்றமில்லை. நீ போன பிறகு நடந்ததை நாங்கள் உனக்குப் பாதிதான் சொன்னோம். வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போய்விட்டது. சோறு இறங்கவில்லை, கஞ்சியும் சிக்கியது. எது கொடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்கிறது என்பாள். நீ அனுப்பிய சத்துமாவு டின்களில் ஒன்றைத் திறந்து கலக்கிக் கொடுத்தேன், அந்த இனிப்பு வாசத்துக்கே குமட்டினாள். மற்ற டின்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன, வரும்போது எடுத்துக்கொண்டு போ. அவள் சேலையெல்லாம் கொடியில் காய்வது போல உடம்பில் தொங்க ஆரம்பித்தது. அடுத்த பரிசோதனைக்குள் எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதில்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்குள் வந்ததும் சொன்னாள்: "மூக்குல குழாயோட என் மகன் கல்யாண மேடைக்கு வர மாட்டேன். நான் வீட்ல இருந்து போன்ல பாத்துக்கிறேன். போட்டோல என்னத் தேடாதீங்க."

நீ கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றாய். அம்மா சம்மதிக்கவில்லை. குழாயோடு வந்தால்தான் என்ன, உயிரைவிடவா முகம் பெரிது என்று எனக்கும் தோன்றியது. குழாயில் அவமானம் ஒன்றும் இல்லை, டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஜெசிந்தா வீட்டு வழக்கப்படி சர்ச்சில் நீ மோதிரம் மாற்றும்போதும் மண்டபத்தில் தாலி கட்டும்போதும் அவள் முன்வரிசையில் இல்லாமல் நான் மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண், காய்கறியையும் பழத்தையும் வேகவைத்துக் கூழாக அரைத்து, பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தாள். வேறென்னென்னவோ சொன்னாள். நான் அத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டேன். சமையல் என்றாகிவிட்ட பிறகு எனக்கு யார் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

முதல் நாளே வீட்டிலிருந்த பெரிய பானையை ஏற்றினேன். முழுப் பூசணிக்காய், ஒரு பை கேரட், கொல்லையில் தோண்டிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு. எனக்குச் சின்னதாகச் சமைக்கத் தெரியாது குமரா, கை வராது. ஒரு நோயாளி ஒரு கிண்ணம் குடிப்பதற்கு நான் எங்கள் தாமானில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் வைத்துவிட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தூக்குச்சட்டியில் போயிற்று, என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அதற்கு முன்னால் மிக்சி கதை வேறு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியை இறுக்கி ஓடவிட்டேன். ஆவி போக இடமில்லாமல் மூடி பறந்து, சூப் உத்தரத்தில் போய் அப்பிக்கொண்டது. நீ அடுத்த முறை வரும்போது விசிறிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் பார்ப்பாய். பெயின்ட் அடிக்கிறேன் என்றேன், அம்மா விடவில்லை. அது அங்கேயே இருக்க வேண்டுமாம்.

அரைத்ததை மறுபடி அடுப்பில் வைத்து, என் கைப்பழக்கத்தில் மிளகைத் தட்டிப் போட்டு, அன்னாசிப்பழத்தை அரைத்து ஊற்றினேன். என் அடையாளமே அதுதானே. ஆவியை முகர்ந்து உப்புப் போட்டேன். வாசம் தெருவுக்கே போயிற்று. அம்மா இரண்டு கரண்டி குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணத்தை நகர்த்தினாள். "எரியுது" என்றாள். மருந்தின் எரிச்சல், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் சமாதானம் சொன்னேன். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் கரண்டியைப் பார்த்ததுமே வாயை மூடிக்கொண்டாள். பரிசோதனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம், அது கோபமாக வந்தது. ஊரே வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிற கைச்சமையலை இவள் ஒருத்தி தள்ளுகிறாளே, பிழைக்கிற ஆசையே விட்டுப்போயிற்றா என்று நினைத்துவிட்டேன். வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். பானை மூடியை வேறு தடாலென்று போட்டேன். உன் அம்மாவுக்குக் குரல் சரியாக வராத நேரம் அது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் நடந்து வந்தாள்.

"சாமிக்குப் படைக்கிற மாதிரி எனக்குப் படைக்கிறீங்க. சாமி வாயத் தொறந்து ஒன்னும் சொல்லாது. நான் சொல்லுறேன்லா, எரியுதுன்னு. ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா நீங்க?"

நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. துண்டைக் கட்டிக்கொள்ளவில்லையே தவிர, என் வீட்டு அடுப்பில் நின்றும் நான் கோயில் சமையல்தான் செய்துகொண்டிருந்தேன். அவள் முன்னாலேயே பார்த்துக் காட்டுகிறேன் என்று வீம்பாக, கொதிக்கிற பானையில் கரண்டியை விட்டு நேராக வாயில் ஊற்றிக்கொண்டேன். எந்தப் பெண்ணும் இதைச் செய்ய மாட்டாள், ஏன், வீட்டில் ஒரு நாள் அடுப்பு மூட்டிய எவனும் செய்ய மாட்டான். வாழ்நாள் பூராவும் அடுப்பிலிருந்து எதையும் எடுத்து வாயில் வைக்காத ஒருவன்தான் செய்வான். கூழ் வேறு, நாக்கில் அப்பிக்கொண்டு இறங்கவும் மாட்டேன் என்கிறது, துப்பவும் வரவில்லை. நான் குழாயடிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா தாடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஊதிக் குடிக்கணும்லா" என்றாள். அதுதான் எனக்கு அவள் கற்றுக்கொடுத்த முதல் சமையல் பாடம்.

மறுநாள் என் நாக்கு வெந்து தடித்துக் கிடந்தது. அந்த நாக்கோடு ஆறிப்போன சூப்பை ஒரு வாய் வைத்தேன். அன்னாசிப் புளிப்பு ஊசி குத்துவது போல இறங்கியது. மிளகு பட்ட இடமெல்லாம் நெருப்பு. உப்பு கூட எரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சும்மா நாக்கைச் சுட்டுக்கொண்டவன். அவள் வாய் பூராவும் புண், நான் மூன்று நாளாக அதில் இதை ஊற்றிக்கொண்டிருந்தேன். பானையோடு கொண்டுபோய் வாழை மரத்தடியில் கொட்டினேன். அப்புறம் அம்மாவின் நாற்காலியைத் தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு, இனிமேல் நீ இங்கேயே உட்கார், நீ சொல்லச் சொல்லத்தான் எதுவும் பானைக்குள் போகும் என்றேன். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பெரிய பானையைக் காட்டி, அதைக் கொண்டுபோய் வெளியே வைக்கச் சொன்னாள்.

இப்போது செய்முறை. ஜெசிந்தாவைப் படித்துச் செய்யச் சொல்லாதே, நீ செய். சின்னச் சட்டி எடு. மஞ்சள் பூசணி இரண்டு கீற்று, தோல் சீவி. கேரட் ஒன்று. சர்க்கரைவள்ளிக்கிழங்கு பாதி போதும், அதிகம் போட்டால் பசை மாதிரி ஆகிவிடும். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் கழுவிப் போடு, தெம்பு அதில்தான் இருக்கிறது. எல்லாம் மூழ்கத் தண்ணீர் விட்டு, விரலால் தொட்டால் கரைகிற வரைக்கும் வேகவிடு. அவசரப்படாதே. இறக்கி நன்றாக ஆறவிடு, மிக்சி விஷயத்தில் உன் அப்பனை நம்பு. அரைக்கும்போதுதான் பழம். நன்றாகப் பழுத்த பப்பாளி, கொல்லை மரத்திலிருந்து பறித்தது. அது இல்லாத நாளில் பழுத்த வாழைப்பழம் பாதி. பழத்தை அடுப்பில் ஏற்றினால் அதன் வாசம் போய்விடுகிறது, இதைக் கண்டுபிடித்தது நான். அரைத்ததைத் தேத்தண்ணி வடிகட்டுகிற துணியில் போட்டுப் பிழிந்தேன், ஒன்றும் இறங்கவில்லை. கம்பி வடிகட்டியில் கரண்டியால் தேய்த்தால் நாரெல்லாம் மேலே நின்றுவிடும், இதைக் கண்டுபிடித்தது அம்மா. கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விட்டு, லேசான சூட்டில் கொடு. உப்பு நகக்கண் அளவு. மிளகு இல்லை, புளிப்பு இல்லை. பூசணியும் கேரட்டும் பசார் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், மற்றதில் பாதி கொல்லையிலேயே விளைகிறது. நீ அனுப்பிய ஒரு டின்னின் விலையில் நாங்கள் எத்தனை நாள் ஓட்டினோம் என்று சொன்னால் நீ வருத்தப்படுவாய், அதனால் சொல்லவில்லை.

அம்மா நாற்காலியில் இருந்துகொண்டு கையால்தான் பேசுவாள். உள்ளங்கையை மேலே தூக்கினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், விரலைக் குவித்தால் கெட்டி போதாது, காதைத் தொட்டால் கிட்ட வந்து நான் சொல்வதைக் கேள். நான் ஒரு கரண்டி எடுத்து, ஊதி, முதலில் நான் குடித்து, அப்புறம் அவளுக்குக் கொடுப்பேன். ஆரம்பத்தில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகவே கை கூசியது. பழக்கம் அப்படி. அவளோ ருசி தெரியவில்லை என்றாலும் எரிகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்வாள். முதல் நாள் அரைக் கிண்ணம் போயிற்று. பிறகு ஒரு கிண்ணம். பிறகு பசிக்கிறது என்று அவளே கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அடுப்பை மூட்ட எனக்குத் தீப்பெட்டி கிடைக்கவில்லை. அது திருகினாலே பற்றிக்கொள்கிற கேஸ் அடுப்பு என்று அம்மா ஞாபகப்படுத்தினாள்.

பரிசோதனைக்குப் போன நாளில் எடை பார்க்கும் இயந்திரத்தில் அவள் ஏறி நிற்க, நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எடை இறங்கவில்லை குமரா. கொஞ்சம் ஏறியே இருந்தது. டாக்டர் பழைய கணக்கோடு வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். சாப்பாட்டு ஆலோசனைப் பெண் வந்து என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உன் அம்மா அந்த அரைக் குரலில், மலாயில், தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என் வீட்டுக்காரர் சமைத்துக் கொடுக்கிறார் என்றாள். புளிப்பும் காரமும் கூடாது என்று அன்றைக்கே சொன்னேனே, அதன்படிதானே செய்கிறீர்கள் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு நேராக வராமல் போர்டிக்சனுக்குக் காரை விட்டேன். கடலைப் பார்த்து உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து சூப்பை ஊற்றிக் குடித்தோம். திருவிழாக் கூட்டம் பந்தியில் உட்கார்ந்து புகழ்ந்தபோதெல்லாம் எனக்கு வராத மிதப்பு அன்றைக்கு வந்தது.

இப்போது புத்திமதி, ஒன்றே ஒன்றுதான். ஜெசிந்தாவுக்கு எதைச் செய்தாலும் நீ நன்றாகச் செய்துவிட்டாய் என்று நீயே முடிவு கட்டாதே. நல்ல மனசோடு செய்வது ஒன்று, அது அவள் வாய்க்கு எப்படி இருக்கிறது என்பது வேறு. அவளைக் கேள். அவள் குறை சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு பானை மூடியைப் போடாதே. திருவிழாவில் நான் இனியும் ருசி பார்க்காமல்தான் சமைப்பேன், அது அம்மனுக்கும் எனக்கும் உள்ளது. வீட்டில் ஊதி ஊதிப் பார்க்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இதுதான். வழக்கம்போல சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இத்தனை மாதமும் எரிகிறது, எரியவில்லை, இறங்குகிறது, இறங்கவில்லை என்பதைத் தவிர அவள் நாக்குக்கு வேறொன்றும் தெரிந்ததில்லை. பூசணியும் மண்ணு, பப்பாளியும் மண்ணு. அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள். எரிகிறதா என்று கேட்டேன். இன்னொரு வாய் குடித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ தப்புக் கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்தாள். "உப்பு பத்தல" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் சமையலில் உப்பைக் குறை சொன்ன முதல் ஆள் உன் அம்மா. நான் கரண்டியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிப்போய், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உப்பு பத்தலையாம், உப்பு பத்தலையாம் என்று கத்தினேன். அவர் பாவம், ஒரு டப்பா உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது.

உன் கல்யாண விருந்துக்கு யாரிடம் சாப்பாடு சொல்லியிருந்தாலும் சரி, முதல் கிண்ணம் என் பானையிலிருந்துதான், பெரிய பானை. அம்மா அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டாள். அவள் முன்வரிசையில் முகத்தில் ஒன்றும் இல்லாமல், அந்த அரக்குப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பாள். சேலை மறுபடி உடம்பில் நிற்க ஆரம்பித்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் ஊற்றப்போகிறேன். அவள் சபையில் வைத்து என்ன குறை சொல்லப்போகிறாளோ, சொல்லட்டும். உரக்கச் சொல்லட்டும்.

உன் அப்பா